நடுப்பக்கத்தில் மியான்மர்

நாளிதழின் நடுப்பக்கத்தைப் பார்த்துக்கொள்பவனுக்கு ஒரு சலுகை உண்டு. ஓய்வுபெற்ற தூதர்களும் தளபதிகளும் பேராசிரியர்களும் எழுதி அனுப்புவதை அவன் வெட்டலாம். கோபித்துக்கொள்வார்கள், அடுத்த போர் மூண்டதும் மறுபடி எழுதுவார்கள். இப்படி வெட்டியும் ஒட்டியும் வந்ததில், வெளிநாட்டு விவகாரங்களில் யார் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கலாம் என்பதற்கு எனக்கென ஓர் அளவுகோல் உருவானது. உருவாக்கியது மியான்மர்.

2021 பிப்ரவரி 1 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வந்து குவிந்த கட்டுரைகள் கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசின. 1988இல் மாணவர்களை அடக்கினார்கள், 2007இல் பிக்குகளை அடக்கினார்கள், இப்போதும் அடக்கிவிடுவார்கள். காரணம்? தலைமைத் தளபதி மின் ஆங் லைங்குக்கு அந்த ஜூலையில் 65 வயது நிறைந்து ஓய்வுபெற வேண்டியிருந்தது, பதவி ஆசை. பொய்யில்லை. ஆனால், ஒருவருடைய ஓய்வு வயது ஒரு ஜனநாயகத்தையே கவிழ்த்துவிடும் என்றால், அது எதன்மேல் நின்றுகொண்டிருந்தது?

அரசமைப்புச் சட்டம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை மட்டும் அதைப் பற்றி எழுதியிருந்தார். ராணுவமே எழுதிக்கொடுத்த 2008ஆம் ஆண்டு அரசமைப்பில் நாடாளுமன்ற இடங்களில் 25 விழுக்காடு ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு வேண்டும். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்றுக்கும் அமைச்சர்களைத் தேர்வு செய்பவர் தலைமைத் தளபதி. 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி போட்டி நடந்த 476 இடங்களில் 396ஐ வென்றது. அப்படி வென்றும் ராணுவத்தின் சம்மதமின்றி அந்தப் பிரிவுகளில் கைவைக்க முடியாது, காவல்துறையும் கையில் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர் இன்னொரு சாவியைத் தன் மடியிலேயே முடிந்துவைத்திருந்த ஏற்பாடு அது.

"அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு வரிகூட இல்லையே" என்று எங்கள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் குறைபட்டார்கள். அதனாலேயே எனக்கு அது பிடித்திருந்தது. நிபுணர்களைக் கெடுப்பது நாம் கேட்கும் அந்தக் கேள்விதான் என்பது என் கட்சி. அதைக் கேட்டதும் தூதர், பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்பார். தளபதி வரைபடத்தில் அம்புக்குறி போடுவார். 2023 அக்டோபர் 27 அன்று ராணுவத்தை எதிர்க்கும் மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து ஷான் மாநிலத்தின் வடக்கில் தாக்குதலைத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் அங்குள்ள லாஷியோ நகரம் அவர்கள் கையில் விழுந்தது. ராணுவம் ஒரு மண்டலத் தலைமையகத்தையே இழந்தது அதுவே முதல்முறை. உடனே, ஆட்சி நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று கட்டுரைகள். எல்லை வணிகத்தை ஆராயும் ஒருவர் மட்டும், சீனா இரு பக்கமும் பேசும், தன் எல்லையை ஒட்டிய மூசேயிலிருந்து மண்டலே போகும் சாலையில் லாரிகள் ஓட வேண்டும் என்பதே அதன் கவலை என்று எழுதினார். 2025 ஏப்ரலில் சீனாவின் நெருக்குதலில் லாஷியோ ராணுவத்திடமே திரும்பியது.

இந்தியாவின் கொள்கை பற்றி எங்களுக்கு வழக்கமாக எழுதும் தூதர் ஒருவர் இருக்கிறார். 1,643 கிலோமீட்டர் எல்லை, வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள், சீனா. ஆகவே மியான்மர் தலைநகர் நேபிடாவில் யார் அமர்ந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும் என்பது அவர் வாதம். 2021 ஜூனில் மியான்மர் ராணுவத்தைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தபோது வாக்களிக்காமல் விலகிய 36இல் இந்தியாவும் ஒன்று. அதை அவர் நியாயப்படுத்திய கட்டுரையில் நான் ஒரு வரியையும் வெட்டவில்லை, அவ்வளவு கச்சிதம். ஆனால் இந்தியாவின் காலாதான் போக்குவரத்துத் திட்டம் இருக்கிறதே! கொல்கத்தாவிலிருந்து கடல்வழியாக மியான்மரின் சித்வே, அங்கிருந்து ஆற்றில் பலேட்வா, பிறகு சாலையில் மிசோரம். 2024 ஜனவரியில் பலேட்வாவை அராக்கன் ஆர்மி என்ற இனக்குழுப் படை ராணுவத்திடமிருந்து பிடித்துவிட்டது. நேபிடாவில் யாரோடு கைகுலுக்கினாலும் அந்தச் சாலை திறக்காது.

அதே எல்லையை மிசோரம் தலைநகர் ஐஸ்வாலிலிருந்து பார்த்தால் வேறு. 2021 மார்ச்சில், மியான்மரிலிருந்து தப்பி வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்றது மத்திய உள்துறை. வருபவர்கள் எங்கள் உறவுகள் என்று அப்போதைய முதல்வர் ஸோரம்தாங்கா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்கரையின் சின் மக்களும் இக்கரையின் மிசோக்களும் ஒரே கிளையினர். இடையில் ஓடுவது தியாவ் ஆறு, அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு நிருபர் எனக்கு எழுதி அனுப்பியவற்றில் புவிசார் அரசியல் பற்றி ஒரு சொல் இருக்காது. ஆற்றை எந்தத் துறையில் கடக்கிறார்கள், அரிசி யார் கொடுக்கிறார்கள், மறுகரையில் இந்த வாரம் எந்தப் படை நிற்கிறது என்று இருக்கும். மிசோரம் ஏன் டெல்லியின் சொல்லைக் கேட்கவில்லை என்பது அதிலேயே விளங்கிவிடும்.

இப்போதெல்லாம் யாரிடம் கட்டுரை கேட்டாலும், அந்தச் சாலையில் சுங்கம் வசூலிப்பது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன். தூதருக்கு இது பிடிக்காது. அதெல்லாம் துணைத் தூதரகக் குமாஸ்தாவின் வேலை என்பார். பலேட்வா பற்றி எழுத உட்கார்ந்தபோது மட்டும் போன் செய்து, உங்கள் ஐஸ்வால் நிருபரின் எண் இருக்கிறதா என்றார். கொடுத்தேன். கட்டுரை இரண்டு நாள் தாமதமாக வந்தது.