ரோண்டாவில் தண்ணீர் இருக்கும் இடம்

காலையில் தெற்கு ஸ்பெயினின் மலகாவில் பஸ் ஏறி, வளைந்து வளைந்து மலையேறி ரோண்டாவில் இறங்கினேன். கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கும் மேலே, பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கிற ஊர். அதை இரண்டாகப் பிளந்துகொண்டு கீழே குவாதலெவின் ஆறு ஓடுகிறது.

முதலில் பாலம். பெயர் புதுப்பாலம், கட்டி முடித்தது 1793-ல். உயரம் 98 மீட்டர். அதற்கு முன்பு அங்கே கட்டிய பாலம் ஆறே வருடத்தில், 1741-ல், இடிந்து விழுந்து சுமார் 50 பேரைப் பலிகொண்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. பறவைகள் நமக்குக் கீழே பறக்கின்றன.

எல்லோரும் இங்கே படம் எடுத்துவிட்டுக் காளைச்சண்டை அரங்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கீழே இறங்கினால் 13-ஆம் நூற்றாண்டு அரபுக் குளியல்கூடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ரோண்டாவில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். செங்கல் வளைவுகள், மேலே நட்சத்திர வடிவத்தில் வெட்டிய துளைகள். அவற்றின் வழியே விழும் வெயில் தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. வெளியே ஒரு கோபுரம். விலங்கைக் கட்டிச் சக்கரம் சுற்றவைத்து, தண்ணீரை அதன் உச்சிக்கு ஏற்றி, வாய்க்கால் வழியாக உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு கோடியில் அடுப்பு. அதன் சூடு தரைக்கு அடியில் ஓடி அறையை வெதுவெதுப்பாக்கும்.

அப்புறம் தண்ணீர்ச் சுரங்கம். ‘மூர் மன்னனின் வீடு’ என்று சொல்லும் (மூர்கள் என்றால் அந்தக் காலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்கள்) மாளிகையின் தோட்டத்திலிருந்து, பாறைக்குள் குடைந்த சுமார் 200 படிகள் ஆற்றுமட்டம் வரை இறங்குகின்றன. உள்ளே இருட்டு, ஈரம். படி ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், சுவரில் கை வைத்தால் நீர் கசிகிறது. முற்றுகைக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் இந்த வழியாகத்தான். தோற்பைகளில் நிரப்பி, சிறைப்பிடித்த அடிமைகள் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். ரோண்டாவில் தோற்பை சுமந்தே சாவாய் என்று ஒரு பழைய வசைகூட உண்டு. 1485-ல் காஸ்டீல் என்ற கிறிஸ்தவ அரசின் படை இந்தத் தண்ணீரை மறித்த பிறகு ஊர் சரணடைந்தது.

கடைசிப் படியைத் தாண்டியதும் சட்டென்று வெளிச்சம். பச்சைத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. இரு பக்கமும் செங்குத்துப் பாறை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி ஏறும்போது பையில் ஒரு லிட்டர் பாட்டில் மட்டும்தான். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.