டார்லிங்டனில் டயர் பார்க்கும் வேலை

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தய அணி ஒன்றில் டயர் பார்ப்பது என் வேலை. வருடம் முழுக்க எத்தனையோ தடங்களுக்குப் போகிறோம், ஆனால் டார்லிங்டன் வாரம் வந்தால் எங்கள் பட்டறையில் எல்லாருடைய முகமும் மாறிவிடும். தென் கரோலினாவில் இருக்கும் அந்தத் தடத்தின் நீளம் 1.366 மைல். ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம், மொத்தத்தில் முட்டை வடிவம். அதற்குக் காரணம் ஒரு மீன் குளம். ஹெரால்ட் பிராசிங்டன் இதைக் கட்ட நிலம் வாங்கியபோது, குளத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று நிலத்துக்காரர் ஷெர்மன் ராம்சே சொல்லிவிட்டார், அதனால் அந்தப் பக்கத்து வளைவை இறுக்கிக் கட்ட வேண்டியதாகிவிட்டது.

இதனால் எங்களுக்கு என்ன சிக்கல் என்றால், முதல் இரண்டு வளைவுகளில் தடத்தின் சாய்வு 25 பாகை, மூன்றாவது நான்காவதில் 23, வளைவின் ஆரமும் வேறு. அகலமான முனைக்கு ஏற்ப காரைச் செட் செய்தால் ஒடுங்கிய முனையில் அது 'டைட்' ஆகிவிடும், அதாவது டிரைவர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் திரும்பாமல் சுவரை நோக்கியே போகும். சரி என்று அதைத் தளர்த்தினால் அகலமான முனையில் பின்பக்கம் வழுக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற செட்டிங் கிடையவே கிடையாது. எந்த முனையில் நேரத்தை விட்டுக்கொடுப்பது என்று அணியை வழிநடத்தும் க்ரூ சீஃபும் டிரைவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

கழற்றிய டயர் கைக்கு வந்ததும் அதைச் சூடாக்கி, மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் பிசிறைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதிலுள்ள சின்னச் சின்னத் துளைகளில் ஆழமானியை விட்டு உள்ஓரம், நடு, வெளிஓரம் என்று எவ்வளவு தேய்ந்திருக்கிறது என அளக்கிறோம். கை கரியாகும், முதுகு வலிக்கும், டிவியில் யாரும் இதைக் காட்ட மாட்டார்கள். ஆனால் டார்லிங்டனில் இந்த எண்களைத்தான் நான் முதலில் நம்புவேன். சொரசொரப்பான தார், புது டயரில் பறக்கிற கார் இருபது சுற்றுக்கு அப்புறம் வினாடிக் கணக்கில் வேகம் இழந்துவிடும், பயிற்சியின் முதல் சில சுற்றுகளின் நேரத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. வலது முன் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் கார் எந்த முனையில் திணறியது என்பதும், டிரைவர் பொறுமையாக ஓட்டினாரா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1950 செப்டம்பர் 4 அன்று நடந்த முதல் சதர்ன் 500 பந்தயத்தில் 75 கார்கள் ஓடின. வேகமான கார்களெல்லாம் டயர் கிழிந்து கிழிந்து, அதை மாற்றும் இடமான பிட்டுக்குள் வந்துகொண்டிருக்க, ஜானி மாண்ட்ஸ் சின்ன பிளைமவுத் ஒன்றில் கடினமான டயர்களைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சுற்றி ஜெயித்தார். ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிய பந்தயம் அது! புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

2003இல் ரிக்கி கிரேவன், கர்ட் புஷ் இருவரும் கடைசிச் சுற்றில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார்கள், வித்தியாசம் 0.002 வினாடி. அந்தப் பந்தயத்தை இன்னமும் போட்டுப் பார்ப்பேன். பிடிப்பு இல்லாமல் இரண்டு கார்களும் தடுமாறியதால்தான் அப்படி ஒரு முடிவு வந்தது.

2008 பந்தயத்துக்கு முன் தடம் முழுக்கப் புதுத் தார் போட்டார்கள், அது மறுபடி சொரசொரப்பாக வருடங்கள் ஆயின. திரும்பவும் மாற்ற வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். வழவழப்பான தடத்தில் டயர் தேயாது, டயர் தேயாவிட்டால் முன்னால் போகிறவரைப் பின்னால் வருகிறவர் பிடிப்பது கஷ்டம், பொறுமையாக ஓட்டுகிற டிரைவருக்கும் அங்கே தனிப் பலன் எதுவும் இருக்காது. வெடித்த இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டுச் சரிசெய்யட்டும், மீதியை அப்படியே விட்டுவிடட்டும்.