தென்னந்தோப்பு காடா, வயலா? நிலப்போர்வை வரைபடங்களை ஒரே வகைப்பாட்டுக்குக் கொண்டுவருதல்

பொள்ளாச்சிப் பகுதிக்கு, தேசியத் தொலையுணர்வு மையமான என்.ஆர்.எஸ்.சி.யின் 1:50,000 நிலப்பயன்பாட்டு வரைபடத்தையும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் 2021 என்ற செயற்கைக்கோள் வரைபடத்தையும் (10 மீட்டர் பிக்சல், 11 வகை) இணைக்க உட்கார்ந்தால், முதலில் முட்டுவது தென்னந்தோப்புதான். முன்னதில் அது வேளாண்மைக்குக் கீழே வரும் தோட்டம். பின்னதில் குறியீடு 10, மரப்பரப்பு. அதில் பயிர்நிலத்துக்கான 40 ஆண்டுப்பயிருக்கு மட்டும். பெயரை நம்பி ‘வேளாண்மை = 40, காடு = 10’ என்று போட்டால் தோப்பெல்லாம் காடாகிவிடும்.

அதனால் பெயர்களை ஓரங்கட்டிவிட்டு ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் எல்.சி.சி.எஸ். என்ற நிலப்போர்வை வகைப்பாட்டு முறைப்படி போனோம். தாவரம் உண்டா, நிலத்திலா நீரிலா, மனிதர் உண்டாக்கியதா இயற்கையா என்று கேட்டு அது நிலத்தை 8 பெரும்பிரிவுகளில் கொண்டுபோய் நிறுத்தும். தென்னை ஏ11, காடு ஏ12, தண்ணீரில் நிற்கும் நெல் ஏ23, ஏரி பி27. ஆனைமலைப் பக்கம் 40-க்குள் நெல் எது என்று வேர்ல்ட்கவர் சொல்லாது. ஏ11-ஏ23 கூட்டு வகையாக விடுவதே நேர்மை.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முதலில் வேர்ல்ட்கவர் ராஸ்டரை (பிக்சல்களாலான படம்) ஈபிஎஸ்ஜி 32643 என்ற ஆயமுறைக்கு மாற்ற வேண்டும் (78 பாகைக்குக் கிழக்கே என்றால் 32644). அப்போது புதுப் பிக்சல்களுக்கு மதிப்பிடும் மறுமாதிரிக்கு ‘அண்மைப் பிக்சல்’ மட்டுமே. பக்கத்து மதிப்புகளைச் சராசரியாக்கும் பைலீனியர் வைத்தால் மரம் 10-க்கும் கட்டடம் 50-க்கும் நடுவே புல்வெளிக்கான 30 முளைக்கும். ஒவ்வொரு தோப்பு வீட்டைச் சுற்றியும் புல்வெளி!

என்.ஆர்.எஸ்.சி. வரைபடத்தின் தோட்டப் பலகோணங்களை அதே எல்லை, அதே பிக்சல் அளவில் 1/0 ராஸ்டராக்குங்கள் (தோட்டம் 1, மற்றது 0). நோடேட்டா (‘தரவு இல்லை’ என்று குறிக்கும் மதிப்பு) 0 என்று இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோட்டத்துக்கு வெளியே உள்ளதெல்லாம் கணக்கீட்டில் காணாமல் போகும். பிறகு ராஸ்டர் கால்குலேட்டரில் 10-ஐ இரண்டாகப் பிரிக்கலாம்: தோட்டத்துக்குள் 201, வெளியே 202.

மீதிக் குறியீடுகளுக்கு ‘அட்டவணைப்படி மறுவகைப்படுத்தல்’. இங்கே இரண்டு பொறி. எல்லை விதி இயல்பாக ‘குறைந்தது < மதிப்பு <= கூடியது’; 50–50 என்று எழுதினால் எதுவும் பொருந்தாது, இருபுறமும் <= ஆக்க வேண்டும். அட்டவணையில் விட்டுப்போன மதிப்பு அப்படியே வெளியே வரும். புதுக் குறியீடுகளை 201-லிருந்து தொடங்கியது அதற்குத்தான்: 100-க்குள் ஏதாவது தெரிந்தால் விடுபட்டது என்று உடனே புரியும். வெளியீட்டு வகை பைட் (0–255 முழு எண்), நோடேட்டா 0.

ஏரிகள் தனித் தலைவலி. வேர்ல்ட்கவரில் நீர்நிலைக்கான 80, ஆண்டில் 9 மாதத்துக்கு மேல் நீர் நிற்கும் இடம். நம் ஏரிகளில் பல அதில் தேறாமல் புல்லாகவோ பயிராகவோ வரும். அங்கே என்.ஆர்.எஸ்.சி.யின் ஏரிப் பலகோணத்தின் பக்கம் நிற்பதே சரி.

2020, 2021 வேர்ல்ட்கவர்களை இதே அட்டவணையில் ஓட்டி ‘மாற்றம்’ கணக்கிட வேண்டாம். இரண்டும் வெவ்வேறு பதிப்பு நிரலில் செய்தவை. வித்தியாசத்தில் நிலம் எவ்வளவு, நிரல் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.