எரேமியா 29:11 யாருக்கு வந்த கடிதம்?

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும், அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வார்த்தை என்பது வழக்கம். மூன்று வருடங்களுக்கு முன்னால் அப்பா கைக்கு வந்த அட்டையில் இருந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." வசனம் அதற்கு மேலும் போகும், ஆனால் அட்டையில் அவ்வளவுதான் இடம்.

அப்பாவுக்கு அப்போது 71 வயது. மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் கிடையாது, அதனால் வாழ்நாள் முழுக்க இந்த நாட்டிலேயே வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியும் கையில் இருப்பது சிவப்பு ஐசிதான், அதாவது நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. எங்கள் வீட்டில் "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்றால் ஒரே அர்த்தம், குடிமக்களுக்கான நீல ஐசி. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்ததும் அப்பா அந்த அட்டையை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினார். நான் விண்ணப்பத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். இந்த வருடம் கிடைத்துவிடும் என்று எல்லாரும் நம்பினோம், நம்பியது மட்டுமில்லை, சாட்சியாகவே சொல்லவும் ஆரம்பித்தோம்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் அட்டையைப் பிரித்தெடுத்து தன் வேதாகமத்துக்குள் வைத்தார். அந்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர், "எங்கேயோ விசுவாசம் குறைஞ்சிருக்கும்" என்று அப்பா முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மாதம் வேதாகமத்தைத் திறக்கவில்லை.

திறக்க வைத்தது எங்கள் வியாழக்கிழமை வேதபாடம். அதை நடத்துகிறவர் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, எல்லாருக்கும் டீச்சர்தான். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு: பகுதியை மூன்று முறை சத்தமாக வாசித்து முடிக்கும்வரை யாரும் "இந்த வசனம் என்னோடு பேசியது" என்று ஆரம்பிக்கக் கூடாது. நான் அப்பாவின் அட்டையைப் பற்றிச் சொல்லி அழுதபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இதுக்கு முந்தின வசனம் என்னம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சிறுவயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை!

முந்தின வசனத்தில் இருப்பது எழுபது வருஷம். "பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு" உங்களைச் சந்திப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். அன்றைக்கு முழு அதிகாரத்தையும், அதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தோம். இது கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. ஊர் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி, 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி அதற்குப் பதிலும் சொல்லிவிட்டான், இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் எடுத்து உடைத்தான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவும் முதலில் ஆமென் என்றுதான் சொன்னார். ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை, அவன் அதே வருஷத்தில் செத்துப்போனான். அதற்குப் பிறகு வருகிறது இந்தக் கடிதம். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், சீக்கிரம் திரும்ப மாட்டீர்கள். நாங்கள் எரேமியாவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியை வாசித்திருக்கிறோம்.

மொழியிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நாம் பெரும்பாலும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் வருட வேலையிலிருந்து வருவது. அதில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று படித்தால் நான் மனதில் நினைத்திருக்கிற முடிவு என்றுதான் தோன்றும். எபிரெயத்தில் அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றன, ஒன்று பின்வரும் காலம், இன்னொன்று நம்பிக்கை. கீழ்வீட்டு கத்தோலிக்க அக்காவின் திருவிவிலியத்தை வாங்கிப் பார்த்தேன், 1995இல் வந்த அந்த மொழிபெயர்ப்பில் எதிர்காலம், நம்பிக்கை என்றே இருக்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து வாசிக்கிற பழக்கம் எனக்கு அன்று வந்தது, எல்லாருக்கும் இதை வற்புறுத்தியே சொல்வேன்.

அதற்காகப் பழைய மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். டீச்சர் அதிலேயே இன்னொன்றைக் காட்டினார். 11ஆம் வசனத்தில் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று இருக்கிறதே, 7ஆம் வசனத்தில் "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி" என்பதிலும் அதே சொல்தான், எபிரெயத்தில் ஷாலோம். சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல் வருவதால் இந்தத் தொடர்பு தெரியாது. அப்புறம், "உங்கள்பேரில்" என்று இருக்கிறது, "உன்பேரில்" என்று இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கிற என் தங்கை மகனுக்கு அது ஒருவனுக்கா ஒரு ஜனத்துக்கா என்று தெரிய வழியில்லை. தமிழில் வாசிக்கிற எனக்குக் கண்முன்னாலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு தப்பும் செய்யப் பார்த்தேன். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்றதும் எனக்குத் தாத்தா கப்பலேறி வந்தது, ரப்பர் தோட்டம், செந்தூல், எல்லாம் மனதில் ஓடி, "டீச்சர், இது நம்ம கதைதானே, மலேசியாதான் நம்ம பாபிலோன்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. யூதா சிறைப்பட்டது அவர்கள் உடன்படிக்கையை மீறியதால், தாத்தா வந்தது பிழைப்புக்காக, அப்பா பிறந்ததே இங்கேதான், அவருக்குத் திரும்பிப்போக வேறு ஊர் ஏது என்றார். ஒரு வசனத்தை அட்டையாக வெட்டுவதும், ஒரு அதிகாரத்தை அப்படியே தூக்கி நம் குடும்பத்தின் மேல் வைப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். அப்படியானால் இந்தக் கடிதத்தில் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதற்கான வழி புதிய ஏற்பாட்டின் ஊடாகப் போகிறது. பேதுரு தன் முதல் நிருபத்தில் கிறிஸ்துவின் சபையையே "அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற" என்று அழைக்கிறார், கடைசியில் "பாபிலோனிலுள்ள சபை" வாழ்த்துகிறது என்கிறார், ரோமாபுரியைத்தான் அப்படிச் சொன்னார் என்பது பெரும்பாலான வேத அறிஞர்களின் கருத்து. நீல ஐசி இருக்கிறவரும் சிவப்பு ஐசி இருக்கிறவரும் அந்த வார்த்தைக்குள் ஒன்றாக நிற்கிறோம். இதை நான் அட்டையிலிருந்து ஒருநாளும் பெற்றிருக்க முடியாது.

அன்று இரவு வீட்டில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் நடைபாதையில் பழைய பெயிண்ட் டின்னில் வளர்க்கிற கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபது வருஷம் என்றதும் நிறுத்திவிட்டு, "அப்போ அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவங்க யாரும் ஊர் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்களே" என்றார். ஆமாம்பா என்றேன். பெர்சிய ராஜா கோரேசு அவர்களைப் போகவிட்டது கி.மு. 538 வாக்கில், அதற்குள் அவர்களில் அநேகமாக எல்லாரும் அங்கேயே கண்ணை மூடியிருப்பார்கள். "அவங்களுக்கும் சேர்த்துத்தான் நம்பிக்கைன்னு எழுதியிருக்கார்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, என் கையில் இருந்த வேதாகமத்தை வாங்கி 7ஆம் வசனத்தை அவரே வாசித்தார். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் ஐசியைப் பற்றிச் சொல்லும் முன்னால் இந்தக் கோலாலம்பூருக்காக ஜெபிக்கிறார், வெள்ளம், வேலை, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையனின் பரீட்சை எல்லாம் அதில் வரும்.

விண்ணப்பத்தை மறுபடியும் போட்டிருக்கிறோம். போடத்தான் வேண்டும், அது அவருடைய உரிமை, அதற்கு வாக்குத்தத்த அட்டை தேவையில்லை.

வேதபாடத்தில் அடுத்த வாரம் பிலிப்பியர் ஆரம்பிக்கிறோம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே" என்று பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சைக்குப் போகும்போது என் பென்சில் பெட்டிக்குள் எழுதி ஒட்டியிருந்த வசனம் அதில்தான் இருக்கிறது. நாலு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். கால் மணி நேரம் போதும். கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்குப் போகும்போது ஒருமுறை வாசித்தேன், சிறையில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார் பவுல். பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிற வரி 4:13க்கு நேர் மேலேயே இருக்கிறது.