உடைந்த ப்ளீடர் நிப்பிள்: பட்டறை நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

வண்டியின் முன் இடப்பக்கக் காலிபர், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம். வார்ப்பிரும்பு, ஒற்றைப் பிஸ்டன். ப்ளீடர் நிப்பிள் என்பது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும், நடுவில் ஓட்டையுள்ள திருகு. இது எம்8 (8 மில்லி விட்டம்), மரை இடைவெளி 1.25 மில்லி. ஏர் எடுக்கத் திறந்தபோது தலைக்குக் கீழே முறிந்து, மரைப்பகுதி முழுக்க உள்ளே நின்றுவிட்டது.

ரப்பர் மூடி எப்போதோ விழுந்திருக்கிறது. மழைநீர் நடு ஓட்டையில் இறங்கி, அடியிலுள்ள குறுக்குத் துளை வழியாகக் கீழிருந்தும் மரைக்குள் ஏறித் துரு பிடிக்கவைக்கிறது. மரைப் பள்ளத்தில் நிப்பிளின் விட்டம் ஆறரை மில்லிதான். அதற்குள் 3 மில்லி ஓட்டை போனால் சுவரின் தடிமன் இரண்டு மில்லிக்கும் குறைவு. முறியாமல் என்ன செய்யும்?

காலிபரைப் பிரிக்கும் முன், பேடை எடுத்துவிட்டு பெடலை மிதித்தே பிஸ்டனை முக்கால்வாசி வெளியே தள்ளியாயிற்று. பிறகு பெடலை ஒரு கட்டையால் ஓர் அங்குலம் அழுத்தி நிறுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் அழுத்தும் பிரேக் பம்ப்) டாங்கிலிருந்து ஆயில் வரும் துளை மூடிக்கொள்ளும். காலிபரின் ஹோஸைக் கழற்றினாலும் பிரேக் ஆயில் டாங்க் காலியாகாது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், ஆகவே பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும்.

மார்ச் 5, புதன்

பிஸ்டன், அதைச் சுற்றிய சதுர சீல், தூசி தடுக்கும் டஸ்ட் பூட் எல்லாம் வெளியே. இவற்றை உள்ளே விட்டுவிட்டுச் சூடு காட்டினால் ரப்பர் போய்விடும்.

ஈஸி அவுட் (முறிந்த திருகின் ஓட்டையில் இறக்கித் திருகி எடுக்கும் கருவி) போடவில்லை. ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே என்று ஆசை வரும். ஆனால் கூம்பு வடிவ ஈஸி அவுட் இறங்க இறங்க மெல்லிய சுவரை விரித்து மரையோடு இன்னும் இறுக்கும். அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது.

துண்டின் மேல் நட்டை வைத்து வெல்டிங். முதல் நட்டு தொட்டதும் கழன்றது: ஓட்டைக்குள் மிச்சமிருந்த பிரேக் ஆயில் கொதித்து வெல்டை நுரையாக்கிவிட்டது. கழுவி உலர்த்தி இரண்டாவது முறை. பிரேக் கிளீனர் முழுக்க உலராமல் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் நச்சுவாயு வரும். இம்முறை வெல்டு பிடித்தது. சிவப்பு அடங்கியதும் முன்னும் பின்னும் கால் சுற்று அசைத்தும் துண்டு நகரவில்லை, நட்டோடு மேல்விளிம்பு பிய்ந்தது.

மார்ச் 6, வியாழன்

டிரில்லிங் மிஷினில் துளை நேர் செங்குத்தாக நிற்கும்படி காலிபரைக் கட்டியது. இந்த வேலையில் காப்பாற்ற வேண்டியது மரையை அல்ல. மரை கெட்டால் பெரிய மரைக்குப் போகலாம். ஆயிலை அடைப்பது நிப்பிளின் கூம்பு நுனி வந்து அமரும், அடியிலுள்ள கூம்பு இருக்கை. அதில் பிட் கீறினால் காலிபர் குப்பைக்குத்தான்.

புது நிப்பிளைப் பக்கத்தில் வைத்து மரை முடியும் இடம்வரை அளந்து, அதைவிட ஒரு மில்லி குறைத்துப் பிட்டில் அடையாளத்துக்கு ஒட்டு டேப் சுற்றியது. அளவு பிட்டின் நுனியிலிருந்து. இடச்சுற்று பிட் 5, பிறகு 6, கடைசியில் 6.5. இடச்சுற்று என்பதால் சில சமயம் துண்டே கவ்விக்கொண்டு வெளியே வரும், இதில் வரவில்லை. மிஞ்சிய மரைச்சுருளைக் கூரான ஊசியால் நெம்பி எடுத்தாயிற்று. கூம்பு நுனி மட்டும் அடியில் ஒட்டி நின்றது. சிலிண்டருக்குள் உள்ள சிறு துளையில் காற்றடித்ததும் வெளியே தெறித்தது.

பிறகு மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் 1.25 டேப், அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்வாங்கி. இருக்கையைத் தொடும் முன் நிறுத்தியது.

சோதனை: புது நிப்பிளின் கூம்பில் மார்க்கர் மை தடவி, விரலால் இறுக்கித் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். மை அழிந்த வளையம் அறுபடாமல் சுற்றிவந்திருக்கிறது. இருக்கை நல்லது.

மார்ச் 8, சனி

புது சீல் கிட், ஹோஸைக் காலிபரோடு இணைக்கும் பாஞ்சோ போல்டுக்கு இரண்டு புதுச் செப்பு வாஷர். பிஸ்டனில் தடவியது டாட் 3 பிரேக் ஆயில் மட்டும். "ஆயில்" என்ற பெயரை நம்பி இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பூசுகிறவர்கள் உண்டு, சீல் ஊதிப்போகும். நிப்பிள் இறுக்கம் 8 நியூட்டன் மீட்டர். ஏர் எடுத்தபின் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்து வைத்து, நிப்பிள் அடியில் டிஷ்யூ ஒற்றிப் பார்த்ததில் ஈரமில்லை.

வலப்பக்க நிப்பிளிலும் துரு. ஓட்டைக்குள் 3 மில்லி டிரில் பிட்டின் தண்டைச் செருகினால் சுவர் உள்வாங்காது. தலையில் சுத்தியலால் நாலு தட்டு, ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனர், முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை, பிறகு திறக்கும் பக்கம். "கிறீச்" என்று விட்டுக்கொடுத்தது. புது நிப்பிள், புது மூடி.