மதிப்பெண் போட்டு என்னை ரிடண்டன்சியில் அனுப்பினார்கள்: குரோய்டன் தீர்ப்பாயம் வரை போன அனுபவம்

தெற்கு லண்டனில் ஒரு கிடங்கில் ஸ்டாக் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஆர்டர் குறைந்துவிட்டது, நான்கு பேரில் ஒருவர் ரிடண்டன்சியில், அதாவது ஆட்குறைப்பில், போக வேண்டும் என்று எல்லோருக்கும் மதிப்பெண் போட்டார்கள். எனக்குத்தான் குறைவு. வேலைத்திறன், வருகை இரண்டிலும் மற்றவர்களுக்குச் சமமாகத்தான் இருந்தேன், 'மனப்பான்மை' என்ற கட்டத்தில் மட்டும் அடிமட்டம். போட்டது ஒரே மேனேஜர், அதற்கு ஆதாரமாக ஒரு அப்ரைசல் தாள்கூட இல்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "நான் அவரைவிட நன்றாக வேலை செய்பவன், என்னை ஏன் அனுப்பினார்கள்?" என்ற கேள்வியோடு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள். நீதிபதி மதிப்பெண்ணைத் திருத்திப் போட மாட்டார். நியாயமான ஒரு முதலாளி இப்படி நடந்துகொண்டிருக்கக்கூடுமா என்றுதான் 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 98ஆம் பிரிவை வைத்துப் பார்ப்பார். முன்கூட்டியே சொன்னார்களா, அளவுகோல் ஒரே ஆளின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பியதா, வேறு வேலை இருக்கிறதா என்று தேடினார்களா, கலந்து பேசியது உண்மையா கண்துடைப்பா, இவைதான் அங்கே எடுபடும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு மின்னஞ்சல். நம்மைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு, பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கேட்டேன். வந்த கட்டில், கலந்தாலோசனை தொடங்கும் முன்பே மேனேஜர் எச்.ஆருக்கு அனுப்பிய சம்பள மிச்சக் கணக்கு இருந்தது, அதில் என் பெயர் மட்டும். படித்தபோது கை நடுங்கியது, அத்தனை கூட்டங்களிலும் என்னை உட்காரவைத்து முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் அவர்கள்.

காலக்கெடுவில் கவனமாக இருங்கள். நான் வழக்குப் போட்டபோது இருந்த கெடு, வேலையின் கடைசி நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு போய்க்கொண்டிருந்தாலும் அந்தக் கெடு நிற்காது. முதலில் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் பொது அமைப்பான ஏகாஸிடம் (Acas) பதிய வேண்டும், அவர்கள் தரும் சான்றிதழ் எண் இல்லாமல் வழக்குப் படிவத்தை ஏற்க மாட்டார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் கட்டணத்தை ரத்து செய்ததால் வழக்குப் போடப் பணம் கட்டத் தேவையில்லை. ஆங்கிலத்தில் சாட்சி சொல்லத் தயக்கமாக இருந்தால் படிவத்திலேயே எழுதுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும், அதற்கும் செலவில்லை.

விசாரணைக்கு முன்பு ஏகாஸ் மூலம் ஒரு தொகை பேசிப் பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தீர்ப்புகள் பெயரோடு இணையத்தில் வரும், நாளை வேறு முதலாளியும் தேடிப் பார்க்கலாம் என்பதால் பலர் சமரசத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

ஜெயித்தேன். அந்த மின்னஞ்சலுக்கு மேனேஜரால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் பணக் கணக்கு வந்தது. ரிடண்டன்சி பணம் ஏற்கெனவே வாங்கியிருந்ததால் அடிப்படை இழப்பீடு கிடையாது. ஒழுங்காகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் நால்வரில் ஒருவராக நான் போயிருக்க வாய்ப்பு உண்டு என்று, சம்பள இழப்புக்கான மீதித் தொகையில் கால் பங்கைக் கழித்தார் நீதிபதி. 'போல்கி' கழிவு என்பார்கள், 1987 தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்தது. வலித்தது, ஆனால் கணக்கு புரிந்தது. வேறு வேலை தேடினீர்களா என்று அவர்கள் வக்கீல் துருவித் துருவிக் கேட்டார், அதனால் விண்ணப்பித்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் வந்த மறுப்பையும் சேர்த்து வையுங்கள்.