முகவாய் முடிக்கு எலக்ட்ராலிசிஸ்: ஊசி வைப்பதற்கு முன் நடந்தவை

நாற்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு என் முகவாயிலும் தாடையின் ஓரத்திலும் கருப்பும் வெள்ளையுமாகத் தடித்த முடிகள் முளைக்கத் தொடங்கின. கும்பகோணத்தில் த்ரெடிங் செய்துகொண்டே காலத்தை ஓட்டிய எனக்கு, இதற்கு நிரந்தரமாக ஒரு வழி வேண்டும் என்று தோன்றியபோது லேசர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் லேசர் ஒளி முடியிலுள்ள கருநிறமியைக் கொண்டுதான் வேரைச் சுடுகிறது. நரைத்த முடி அதற்கு அகப்படாது. எலக்ட்ராலிசிஸில் மெல்லிய ஊசியை ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் இறக்கி மின்சாரம் செலுத்தி வேரை அழிப்பதால், முடியின் நிறம் ஒரு பொருட்டே அல்ல. 1875-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், கண்ணுக்குள் வளைந்து வளரும் இமை முடிகளை அகற்றுவதற்காகக் கையாண்ட முறை இது. தொடக்கம் முதலே மருத்துவம் சார்ந்த ஒன்றை அழகு நிலையத்துச் சேவையாக மட்டும் பார்க்கலாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த எண்ணம் வலுப்படக் காரணம், முதலில் விசாரித்த பார்லர். அங்கே என் உடல்நிலை பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்றார்கள். ஊசி உறையில் இல்லை. ஒரு தட்டில் பஞ்சோடு கிடந்தது, ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்றார்கள். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி போன்ற கிருமிகள் ரத்தம் பட்ட ஊசி வழியாகப் பரவக்கூடியவை. ஸ்பிரிட் துடைப்பு அதற்குக் காப்பாகாது. ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியை நம் கண்ணெதிரே உறை பிரித்து எடுக்க வேண்டும், செய்பவர் புதுக் கையுறை அணிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

பிறகு தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். அவர் இயந்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. முடி மெல்ல மெல்ல வந்ததா, சில மாதங்களில் திடீரென்று வந்ததா, குரல் கனத்திருக்கிறதா, மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும், சினைப்பைக்கு ஸ்கேனும் எழுதித் தந்தார். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) போன்ற ஹார்மோன் கோளாறு உள்ளே இருந்தால், அழித்த வேர் அழிந்ததாகவே இருந்தாலும், பக்கத்திலுள்ள பூனைமுடிகள் தடித்துப் புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும். திடீரென்று முடி அடர்வதும் குரல் மாறுவதும் சேர்ந்து வந்தால், அரிதாக, சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அப்போது முடியை நீக்குவதில் முனைவது நோயின் அடையாளத்தைத் துடைத்துப் போடுவதாகிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். எனக்குச் சர்க்கரைக்கு மாத்திரை உண்டு என்பதால் அந்த அளவு திருப்தியாக வந்த பிறகே மேற்கொண்டு பேசினார்.

அடுத்து அவர் பார்த்தது என் முகவாயை அல்ல, காதை. கல்லூரி நாட்களில் மேல்காது குத்திய இடத்தில் எனக்குப் புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு திரண்டிருக்கிறது. “இது எப்போதிலிருந்து இருக்கிறதும்மா? வளர்ந்துகொண்டே வந்ததா?” என்று விரலால் அழுத்திப் பார்த்துக் கேட்டார். காயத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்பது சாதாரணத் தழும்பு. எல்லையைத் தாண்டி வளர்வது கீலாய்டு. அந்தத் தன்மை உள்ளவர்களுக்குக் காது, மார்பு, தோள் ஆகியவற்றைப் போலவே தாடையோரமும் எளிதில் தழும்பு திரளும் இடம் என்பதால், முதலிலேயே முகம் முழுக்கத் தொடங்காமல், தாடைக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில் சில முடிகளை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்போம் என்றார். கீலாய்டு உடனே தலைகாட்டாது, மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும். காது குத்திய தழும்போ அம்மைத் தடுப்பூசி போட்ட தழும்போ புடைத்திருப்பவர்கள், கேட்காவிட்டாலும் அதைத் தாமே காட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முகத்தில் ஒருமுறை அது வந்துவிட்டால் முடியைவிடப் பெரிய துன்பம்.

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, வலிப்பு நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, காப்பர்-டி பற்றியும் கேட்டார். எலக்ட்ராலிசிஸின் ஒரு வகையில் நேர்மின்சாரம் தோலிலுள்ள உப்பையும் நீரையும் காரமாக மாற்றி வேரை அரிக்கிறது. அதற்கு நாம் கையில் ஓர் உலோகத் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மின்சாரம் உடல் வழியே ஓடும். இன்னொரு வகை உயர் அதிர்வெண் மின்சாரத்தின் வெப்பத்தால் சுடுகிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதயநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எதற்குமே உட்காரக் கூடாது. முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறீர்கள் என்பதையும் துருவிக் கேட்டார். நம் ஊர்களில் மங்கு மறைய மெடிக்கலில் தாமாக வாங்கிப் பூசும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டும், வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினோயினும் கலந்திருக்கின்றன. அவை தோலை மெலிதாக்கி எளிதில் பாதிப்படையச் செய்கின்றன.

ஆடியில், தாடைக்கு அடியில் சில முடிகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் அந்தச் சோதனை நடந்தது. அதற்கு முன் சில வாரங்கள் த்ரெடிங் கூடாது, ஊசியை வழிநடத்த முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஊசி இறங்கியதும் சுருக்கென்று ஒரு சூடு. பிறகு இடுக்கியால் எடுத்தபோது முடி இழுபடாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. முடி பிடிவாதமாக இழுபட்டால் வேர் இன்னும் சாகவில்லை என்று பொருள். அன்று மாலை சிவந்து, பிறகு கடுகு போன்ற பொருக்குகள் தோன்றித் தாமாக உதிர்ந்தன. அவற்றைக் கிள்ளக் கூடாது. நம் மாநிறத் தோலில் கிள்ளிய இடம் கருத்து நிற்கும். மஞ்சள் பூசிக் குளிப்பதையும் டெல்டா வெயிலில் முகம் மூடாமல் போவதையும் நிறுத்தி வைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்த பிறகும் அந்த இடம் தட்டையாகவே இருந்ததால் முகவாயில் சிகிச்சையைத் தொடங்கினார். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளரும் பருவத்தில் இருப்பதில்லை என்பதால் இது ஓராண்டுக்கு மேலும் நீளலாம். மேலுதட்டை மட்டும் இன்னும் தொடவில்லை. எனக்கு அங்கே அவ்வப்போது ஹெர்பிஸ் கொப்புளம் வருவதுண்டு. ஊசி பட்டால் அது கிளம்பிப் பரவும் என்பதால், வைரஸ் தடுப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கிய பின்னரே செய்யலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்.